நாலாவது கட்டம்

மத்திய அரசில் துணைச் செயலாளராக ஓய்வுபெற்றவர்கள் ஓய்வு பெறுவதில்லை. அவர்களிடம் கோப்பு வருவதுதான் நின்றுபோகிறது. ஜனக்புரியில் இரண்டாம் மாடி ஃபிளாட்டில் குடியிருந்த கதிரவனுக்கும் அப்படித்தான் நின்றது. மறுவாரமே காய்கறி வண்டிக்காரன் அவரை ‘அங்கிள்ஜி’ என்று கூப்பிட்டான். முப்பது வருஷம் ‘சார்’ ஆக இருந்த மனிதரை அங்கிள்ஜி ஆக்க ஓர் அரசாணைகூடத் தேவைப்படவில்லை.

அந்த நிலையில்தான் பரணிலிருந்து அவருக்குக் கோமளம் கிடைத்தாள்.

‘வளைக்கரம்’ என்ற பெண்கள் வார இதழ் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்தது. அதில் வருஷக்கணக்காக வந்த சித்திரத் தொடர், ‘கொண்டைக் கோமளம்’. வாரத்துக்கு ஒரு பக்கம். கணவர் ஏதாவது கேட்பார். கோமளம் வாயைத் திறக்காமல் கொண்டுவந்து கொடுப்பாள். கட்டத்துக்குக் கட்டம் அவளுடைய கொண்டை மட்டும் உயர்ந்துகொண்டே போகும். சென்னை அலுவலகத்தில் இருந்த பழைய இதழ்கள் எல்லாம் ஒரு வெள்ளத்தில் கூழாகிவிட்டன. கதிரவன் வீட்டுப் பரணில், அவர் மனைவி ஜலஜா சணல் கயிற்றால் கட்டிப் போட்டிருந்த மூட்டையில், கோமளம் பக்கங்கள் மட்டும் பிழைத்துக் கிடந்தன.

இதழ் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் கதிரவன் அதைத் தொட்டதில்லை. அப்போது குடும்பம் லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட் கடையில் ஒரு பிரதி வாங்கி ஐந்து வீட்டுப் பெண்கள் சுற்றுக்கு விடுவார்கள். கணவன்மார் புத்தி ஒட்டிக்கொண்டதோ என்னவோ, படித்து முடித்தவர் அட்டையில் சுருக்கொப்பம் போட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கடைசிச் சுருக்கொப்பம் ஜலஜாவுடையது; இதழும் அவளிடமே தங்கிவிடும். ஒரு அரசு அதிகாரி கையில் பொம்பளைப் பத்திரிகையா என்று கதிரவன் அதைத் தாண்டித்தான் நடப்பார்.

இப்போது அதே பக்கங்களைக் கரோல்பாகில் பைண்டு செய்து, முதுகில் தங்க எழுத்தில் தன் பெயரைப் பொறித்து, ஒரு வரலாறும் எழுதிவிட்டார். ‘வளைக்கரம் சித்திரத் தொடர்கள்: தோற்றமும் ஏற்றமும்’. அதன் உயிர்நாடி அவர் கண்டுபிடித்த முக்கட்டக் கோட்பாடு. மற்ற நாட்டுக்காரன் சித்திரத் துணுக்கை நாலு கட்டம் போட்டு, கடைசியில் ஒரு சிரிப்பைத் திணித்து முடிப்பான். தமிழ்ப் பெண்ணின் சித்திரம் மூன்றே கட்டத்தில், மௌனத்தில் முடிகிறது. முத்தமிழ், முக்கனி, முப்பால், கோமளம். உயரும் கொண்டை, ‘பொறுமையின் கோபுரம்’. எந்தப் பக்கத்திலும் ஓவியரின் கையெழுத்து இல்லாததால் அவர் ‘பெயர் வேண்டாத் துறவி’. துறவிக்கு மட்டும் தனி அத்தியாயம்.

‘வளைக்கரம்’ நிர்வாகம் பொன்விழாவுக்கு அதையே புத்தகமாகப் போடுகிறது. நிறுவனரின் பேரனான சேர்மன் படித்துவிட்டு உருகி, முன்னுரை எழுதிக் கொடுத்திருக்கிறார். டெல்லித் தமிழர் வாட்ஸப் குழுவில், அதை நடத்தும் ரவிக்குமார் அழைப்பிதழைப் போட்டுவிட்டான்: ‘ஆய்வறிஞர் கதிரவன்’. கதிரவன் அந்த ஒரு சொல்லைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அது போனால் மிச்சம் இருப்பது அங்கிள்ஜிதான்.

சென்னையிலிருந்து டெல்லி வந்திருக்கும் துணையாசிரியர் பூங்கோதை இன்று வீட்டுக்கு வருகிறாள். பைண்டு தொகுதிகளைப் படம் எடுக்க வேண்டும். கதிரவனிடம் கடைசிச் சம்மதம் வாங்க வேண்டும். சிவகாசியில் மெஷின் காத்திருக்கிறது.

‘ராஜீவ் சௌக்ல மெட்ரோ மாறிட்டேன் சார்’ என்று செய்தி வந்தபோது, கதிரவன் சமையலறை வாசலில் நின்று முடிவுரையைப் படித்துக்கொண்டிருந்தார். கேட்பதற்கு ஜலஜாவை விட்டால் ஆளில்லை. அவள் விருந்தாளிக்காக அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

“‘மூன்றாம் கட்டத்தில் கோமளம் மௌனமாக நிற்கிறாள். அதற்குமேல் கட்டமில்லை. அதற்குமேல் சொல்லவும் ஏதுமில்லை.’ எப்படி இருக்குது?”

“மூணுங்களா?” என்றாள் ஜலஜா.

“மூணுதான்.”

“நாலுங்க.”

“எதை நாலுங்கற?”

“கோமளத்தைத்தானுங்க. மேல மூணு சின்னது, கீழ அகலமா ஒண்ணு. அந்தக் கீழதுலதான சிரிப்பே இருக்கும்.”

கதிரவன் அவளைப் பரிவோடு பார்த்தார். தன் அமைச்சகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை அப்படித்தான் பார்ப்பார். உள்ளே போய் முதல் தொகுதியைத் தூக்கிவந்து விரித்தார். “எண்ணிக்கோ. எல்லாப் பக்கமும் ஒரே அளவு. கிழிசல் இல்லை, ஓட்டை இல்லை.”

ஜலஜா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தின் கீழ் ஓரத்தை விரலால் தடவினாள். “பைண்டுக்காரன் நல்லா நறுக்கியிருக்கறான். அவனுக்கு முந்தி நான் வெட்டிப்போட்டேனுங்க.”

“எதை?”

“பின்பக்கம் அடியில வாரா வாரம் சமையல் குறிப்பு வருமுங்க. அதை வெட்டி எடுத்துக்குவேன். முன்பக்கம் கோமளத்தோட கடைசிக் கட்டமும் அதோட வந்துரும்.”

“ஒரு வாரமா?”

“எல்லா வாரமும்.”

எண்ணெயில் காய்ந்த மிளகாய் கருகியது. கதிரவனுக்கு இருமல் வந்தது.

“ஏன் ஜலஜா, அந்தக் கட்டம்தானே முக்கியம்னு சொல்றே? அதைப் போய் வெட்டுவாங்களா?”

“படிச்சாச்சு, சிரிச்சாச்சு. அப்புறம் அது எதுக்குங்க? மோர்க்குழம்பு நாளைக்கும் வேணுமல்ல.” அடுப்பைத் தணித்தாள். “வெட்டின புஸ்தகத்தைப் பழைய பேப்பர் வாங்கற கபாடிக்காரன் எடுக்க மாட்டான். அதனால பக்கத்தையே முழுசா உருவிருவேன். மிச்சத் தாளு முறுக்குக்கு எண்ணெய் வடியட்டும்னு கட்டி வெச்சது. நீங்கதான் அதுக்குத் தங்க எழுத்துப் போட்டீங்க.”

“வெட்டினது எங்கே இப்போ?”

ஜலஜா அலமாரிக் கதவுகளைத் திறந்தாள். உட்புறம் மேலிருந்து கீழ்வரை மைதாப் பசையால் ஒட்டிய தாள்கள். மோர்க்குழம்பு, வெந்தயக்குழம்பு, பீர்க்கங்காய்த் துவையல், திடீர் ரவா இட்லி. மஞ்சளும் எண்ணெயும் ஏறிப் பலகையின் நிறத்துக்கே வந்திருந்தன. ஓரங்களில் ஜலஜாவின் பென்சில்: ‘உப்புக் கம்மி பண்ணணும்’, ‘இவருக்கு ஆகாது’. கோமளம் மூஞ்சியைப் பலகையில் அழுத்திக்கொண்டு மறுபுறம் ஒட்டிக் கிடந்தாள்.

கதிரவன் இன்னொன்றையும் பார்த்தார். “இந்தக் கதவு... லக்ஷ்மிபாய் நகர்ல இருந்த மாதிரி இருக்குது.”

“அதேதானுங்க. காலி பண்ணும்போது அங்க புதுக் கதவு மாட்டிப்போட்டு இதைக் கழட்டிட்டு வந்தேன். எதுவும் எடுக்கலைன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க.”

போன் அதிர்ந்தது. ‘ராஜௌரி கார்டன் தாண்டிட்டேன் சார்.’

ஒரு ஆசை மட்டும் கதிரவனுக்கு மிச்சம் இருந்தது. நாலாவது கட்டத்தில் ஒன்றுமே நடக்காமல் இருக்கலாம். வெறும் அலங்காரமாக இருக்கலாம். கோமளம் அங்கும் மௌனமாகவே நிற்கலாம். அப்படியானால் கோட்பாட்டைக் காப்பாற்ற ஓர் அடிக்குறிப்புப் போதும். அடிக்குறிப்பில் அவர் சமர்த்தர்.

“ஒண்ணை உரிச்சுப் பார்த்துடறேன்.” மோர்க்குழம்பின் மூலையில் நகத்தை வைத்தார்.

“கையை எடுங்க.”

முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. கையை எடுத்தார்.

“அவ வந்துட்டிருக்கிறா, ஜலஜா. எனக்குத் தெரிஞ்சாகணும்.”

ஜலஜா கதவை மேலும் கீழும் பார்த்தாள். மூக்குத்தியைத் திருகினாள். “வெண்டைக்காய்ப் பச்சடியை எடுத்துக்குங்க. அதை நீங்களும் சாப்பிடறதில்லை, எனக்கும் மறக்காது. அது ஒண்ணுதான்.”

அவளே கெட்டிலில் கொதித்த தண்ணீரைத் துணியில் நனைத்து வைத்தாள். கதிரவன் தோசைத் திருப்பியைத் தாளுக்கு அடியில் செலுத்தினார். வெண்டைக்காய் ஒரு பக்கம் பிய்ந்து வந்தது. கடுகு, உளுத்தம்பருப்பு போயின. பிறகு மெல்ல முழுத் துண்டும் உரிந்து ஈரத்தோடு உள்ளங்கையில் விழுந்தது. திருப்பினார்.

அந்த வாரத்தின் முதல் மூன்று கட்டங்கள் அவருக்கு மனப்பாடம். கணவர் நாற்காலியில் சாய்ந்தபடி காபி கேட்கிறார், பேப்பர் கேட்கிறார், மூக்குக் கண்ணாடி கேட்கிறார். கோமளம் மூன்றையும் கொண்டுவந்து மௌனமாக நிற்கிறாள். முடிவுரையில் மேற்கோள் காட்டியதே இந்தப் பக்கத்தைத்தான்.

நாலாவது கட்டத்தில் கோமளம் அந்தக் கண்ணாடியைத் தானே மாட்டிக்கொண்டிருந்தாள். பேப்பர் அக்குளில். காபியை உறிஞ்சியபடி கணவரின் தலைக்குமேல் குனிந்து நின்றாள். கொண்டை கூரையை முட்டி வளைந்திருந்தது. வாயிலிருந்து புறப்பட்ட குமிழியில் கொட்டை எழுத்து: ‘இன்னும் ஒன்று பாக்கி. நாற்காலி. எழுந்திருங்கள்.’

கீழே, வலது மூலையில், வளைத்து வளைத்துப் போட்ட கையெழுத்து: தேவகுஞ்சரி.

“துறவின்னு இப்பப் படிச்சீங்களே, அவங்கதானுங்க,” என்றாள் ஜலஜா. “எல்லாத்துலயும் போட்டிருப்பாங்க.”

“இது உனக்கு முன்னமே...”

“நீங்க எழுதினதை இன்னைக்குத்தான எனக்குப் படிச்சுக் காட்டறீங்க.”

அழைப்பு மணி அடித்தது. பூங்கோதை செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டு நேரே வந்துவிட்டாள்.

கதிரவன் துண்டை மேசையில் வைக்கப் போனார், எடுத்தார், சுற்றிப் பார்த்தார், கடைசியில் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். விழாவுக்கென்று தைத்து, படம் எடுப்பதற்காக இன்றே போட்டுக்கொண்ட வெள்ளைச் சட்டை.

“நீ ஒண்ணும் சொல்லிடாதே,” என்றார் தாழ்ந்த குரலில்.

“நான் எதுக்குங்க சொல்றேன். எழுதினது நீங்க.”

பூங்கோதைக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் கேமரா, இரண்டு கையிலும் போன். வந்த வேகத்தில் தொகுதிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பரப்பிவிட்டாள்.

“வா கண்ணு, தண்ணி குடி முதல்ல,” என்றாள் ஜலஜா.

“தேங்க்ஸ்மா. மேலே ஏறவே மூச்சு வாங்குது. ஐயோ சார், என்ன சுத்தமா வெச்சிருக்கீங்க. மூணே கட்டம். சேர்மன் சார் இதுலதான் விழுந்துட்டாரு. ‘மௌனம்தான் பெண்மை’ன்னு முன்னுரையில நாலு இடத்துல போட்டிருக்காரு. பின் அட்டைக்கு ஒரு புடவைக் கடை வந்திருக்காங்க. ‘பொறுமைக்கு ஒரு புடவை.’ எப்படி சார்?”

“ம்,” என்றார் கதிரவன். நெஞ்சில் ஈரம் சில்லென்று ஒட்டியது.

“சார், தொகுதியைக் கையில வெச்சுக்கிட்டு நில்லுங்க. இன்னும் கொஞ்சம் மேல. நெஞ்சுக்கிட்ட.”

அதற்கு அவரே நன்றி சொல்லியிருப்பார். தொகுதி பையை மறைத்தது. ஜலஜா சமையலறை வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இருமினால்கூட அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“போதும் சார். இப்போ ஒரு வார்த்தை ஓகே சொல்லிட்டீங்கன்னா பிரஸ்ல ஓட்டிடுவாங்க.” பூங்கோதை போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள். மறுமுனையில் இரைச்சல், அதற்கு மேலாக ஓர் ஆண் குரல்: “வணக்கம்ங்கய்யா. ஃபார்ம் ஏத்தி மெஷின் நிக்குது. சரின்னு சொல்லுங்க, விட்ருவோம்.”

கதிரவன் தொகுதியை இறக்கினார். அனுமதி வழங்குவது அவர் ரத்தத்தில் ஊறிய வேலை. பின்பக்கம் திருப்பாமலே எத்தனையோ கோப்புகளுக்கு வழங்கியிருக்கிறார். ஒரு பாலம்கூட விழுந்ததில்லை. வாயைத் திறந்தார்.

“சார், சட்டையில என்ன?” என்றாள் பூங்கோதை.

பையைச் சுற்றி மஞ்சள் கறை உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. அது இன்னும் இறங்கிக்கொண்டும் இருந்தது.

“ஐயா, லைன்ல இருக்கீங்களா?” என்றது போன்.

“ஒரு நிமிஷம்ப்பா,” என்றார் கதிரவன். மறைக்கப் போன கை பைக்குள்ளேயே போய்விட்டது. துண்டை எடுத்து மேசையில் விரித்தார்.

பூங்கோதை முதலில் வெண்டைக்காய்ப் பச்சடியைப் பார்த்தாள். பிறகு திருப்பினாள். படித்தபோது அவளுக்கு ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. தொகுதியைப் புரட்டி அதே வாரத்தின் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். துண்டை அதன் கீழே வைத்தாள். கோடு கோட்டோடு பொருந்தியது. போனை எடுத்து ஒலிபெருக்கியை அணைத்தாள்.

“அண்ணே, அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்.” கதிரவனிடம் திரும்பினாள். “எல்லாத்துக்கும் நாலாவது இருக்கா சார்?”

“இருக்கு.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“எங்க மூணு பேருக்கு. உன்னையும் சேர்த்து.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். துண்டை இரண்டு விரலால் அவர் பக்கம் நகர்த்தினாள். “அப்போ விட்ருங்க சார்.”

“என்னம்மா சொல்றே?”

“முன்னுரை அச்சாயிடுச்சு. சேர்மன் சார்கிட்ட போயி கோமளம் புருஷனை எழுப்பிவிடறான்னு நான் சொல்ல முடியுமா? இந்தக் கையெழுத்து வேற. அந்தம்மா இருக்காங்களா இல்லையா, அவங்க வீட்டுல யாராவது கேஸ் போட்டா யாரு பதில் சொல்றது? உங்க பேர் அட்டையில வருது சார், மூணாவே இருக்கட்டும்.” பிறகு சமாதானமாகச் சேர்த்தாள். “பொம்பளைப் பத்திரிகை கார்ட்டூன்தானே சார். யாரு எண்ணிப் பார்க்கப் போறாங்க?”

கதிரவன் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். ஜலஜா கையில் காபித் தட்டோடு நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அந்த வாக்கியத்தை அவள் ஏற்கனவே பல வருஷம் இந்த வீட்டிலேயே கேட்டிருக்கிறாள். இப்போது ஆள் மட்டும் மாறியிருக்கிறது. என்ன பதில் வருகிறது என்று பார்க்க நின்றவள்போல நின்றாள்.

உண்மை கதிரவனை ஆட்கொண்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். அவருக்கு வியர்த்தது, அவ்வளவுதான். வாட்ஸப் அழைப்பிதழ் கண்ணில் ஆடியது. காய்கறி வண்டிக்காரனின் குரலும் கேட்டது. துண்டில் இருந்த பெயரை விரலால் ஒற்றி ஈரம் எடுத்தார்; அது அழிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

“நிறுத்தச் சொல்லும்மா,” என்றார்.

“சார்?”

“நான் எழுதினது தப்பு. ஓட்ட வேண்டாம்.”

“புக்கு நிக்காது சார். உங்க பேருதான் போகும்.”

“போகட்டும்.”

பூங்கோதை பால்கனிக்குப் போய்ச் சென்னையோடு பேசினாள். மெதுவாகப் பேசினாள், நிறையக் கேட்டுக்கொண்டாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் வேலை முடிந்த தெளிவு இருந்தது.

“சேர்மன் சார் ரொம்ப வருத்தப்பட்டாரு. தலைப்புப் பக்கம் மட்டும் மாத்திடறாங்க. சேர்மன் சார் பேர்லயே வரும். உங்களுக்கு நன்றின்னு உள்ளே ஒரு வரி.”

“அந்த வரியும் வேண்டாம்.”

“அச்சா சார்,” என்றாள். டெல்லிக்கு வந்து இரண்டு நாளில் ஒட்டிக்கொண்ட சொல். காபியைக் குடித்தாள், சாதத்துக்கு நேரமில்லை என்றாள். ஜலஜா விடவில்லை, டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது பூங்கோதை ஜலஜாவிடம் மட்டும் கேட்டாள்: “அம்மா, அப்புறம் கோமளம் புருஷன் எழுந்தாரா?”

“அடுத்த வாரம் நின்னுட்டேதான் சாப்பிட்டாரு கண்ணு.”

பெண் சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். அவள் மெட்ரோ நிலையத்தை அடைவதற்கு முன்பே ரவிக்குமாரின் புதிய அழைப்பிதழ் குழுவில் வந்துவிட்டது. சேர்மனின் படம், ‘முக்கட்டக் கோட்பாட்டின் தந்தை’. கதிரவனின் பெயர் எங்கும் இல்லை. கீழே கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. ஒரு தப்பைத் தன்னிடமிருந்து திருடிவிட்டார்கள் என்று எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது என்று தெரியாமல் அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

சட்டையை மாற்றாமலே சமையலறைக்குள் போனார். கதவுகள் இன்னும் திறந்திருந்தன. பச்சடி இருந்த இடத்தில் வெளுத்த ஒரு சதுரம்.

“மத்ததுல எல்லாம் என்ன இருக்கும் ஜலஜா?”

“ஒண்ணு ரெண்டுதான் ஞாபகம் இருக்குதுங்க. மத்தது பார்த்தாத்தான் தெரியும்.”

“உரிக்கணும்.”

“உரிக்க விடமாட்டேனுங்க.”

“போட்டோ எடுத்து வெச்சுட்டு உரிக்கலாமே. குறிப்பு எங்கயும் போகாது.”

“கையெல்லாம் மாவா இருக்கும்போது உங்க போனைத் தடவிட்டு நிக்கவா?” சாதத்தைத் தட்டில் போட்டு அவர் முன் தள்ளினாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டார், அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுவது எப்படி என்று அவருக்குப் பழக்கமில்லாததால் அது முறைப்பதுபோல இருந்தது.

“ஒண்ணு பண்ணுங்க,” என்றாள் கடைசியில். “ஒவ்வொண்ணா நீங்களே பெரிய எழுத்துல காப்பி எடுங்க. என் பென்சில்ல இருக்கறதும் விட்டுப்போகாம. நான் பார்த்துச் சரின்னதும், பழசை உரிச்சுட்டு அதே எடத்துல புதுசை ஒட்டுங்க. உரிச்சது உங்களுக்கு.”

“நானா? காப்பியா?” அமைச்சகத்தில் அந்த வேலைக்கு ஒரு பிரிவே இருந்தது.

“இல்லீன்னா விடுங்க.”

சாப்பிட்டு முடித்ததும் கதிரவன் ஒரு முக்காலியை அலமாரி முன் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். வெள்ளைத் தாளில் ‘மோர்க்குழம்பு’ என்று தலைப்புப் போட்டு அடிக்கோடிட்டார். மாலை வெயில் சரியும்வரை எழுதினார். ‘புளித்த மோர் தேவையான அளவு’ என்ற இடத்தில் ‘தேவையான’ என்பதன் வரையறை குறித்துச் சந்தேகம் கேட்டார்; ஜலஜா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. எழுதி முடித்துக் கையெழுத்துப் போடாமல் நீட்டினார்.

ஜலஜா ஜன்னலோரம் கொண்டுபோய், கதவில் இருந்ததையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துப் படித்தாள்.

“பெருங்காயம் விட்டுப்போச்சு,” என்றாள். “திருப்பி எழுதுங்க.”

கதிரவன் இன்னொரு தாளை எடுத்தார்.